ஆக்டேவியா பட்லர் வேலைக்குப் போய்க்கொண்டே எப்படி எழுதினார்? வாசித்தவர்கள் சொல்லுங்கள்

எழுதியவர்: கொருக்குப்பேட்டை வாசகி

அனைவருக்கும் வணக்கம். மாதவரம் பக்கத்தில் ஒரு கன்டெய்னர் யார்டின் நுழைவாயில் அலுவலகத்தில் கேட் பாஸ் பதிவு செய்யும் வேலை எனக்கு. ஒரு வாரம் பகல் ஷிஃப்ட், மறுவாரம் இரவு ஷிஃப்ட். லாரிகள் வராத நேரத்தில் பழைய சலான்களின் பின்பக்கத்தில் கதை எழுதுவது நான்கு ஆண்டுப் பழக்கமாகிவிட்டது. இதுவரை ஒன்பது கதைகள் தேறியிருக்கின்றன. ஒன்பதும் அறிவியல் புனைவு. ஒரு கதையில் எண்ணூர்க் கழிமுகத்தின் கறுத்த சேற்றிலிருந்து, பேசத் தெரிந்த ஓர் உயிர் எழுந்து வருகிறது. இன்னொன்றில், கொடுங்கையூர்க் குப்பை மேட்டை நூறு ஆண்டுகளுக்குப் பிறகு சுரங்கம் போலத் தோண்டுகிறார்கள்.

சென்ற மாதம் மூர் மார்க்கெட் பழைய புத்தகக் கடையில் ஆக்டேவியா பட்லர் என்ற அமெரிக்க எழுத்தாளரின் ‘பிளட்சைல்ட்’ தொகுப்பு 60 ரூபாய்க்குக் கிடைத்தது. அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு வாசித்து முடிக்க மூன்று வாரம் ஆயிற்று. ஐந்தாவது கதைக்குப் பிறகு பக்கங்கள் இல்லை. தையல் விட்டு உதிர்ந்திருக்க வேண்டும். ஆசிரியர் யார் என்று இணையத்தில் தேடியபோது, அவருடைய தாயார் பிறர் வீடுகளில் வேலை செய்தவர் என்றும், பட்லர் கிடைத்த கூலி வேலைகளைப் பார்த்துக்கொண்டே விடியற்காலை 2 மணிக்கு எழுந்து எழுதினார் என்றும் படித்தேன். என் அம்மா சவுகார்பேட்டையில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பில் மூன்று வீடுகளில் வேலை செய்கிறார். அதனால் அந்தச் செய்தி மனத்தை விட்டுப் போகவில்லை. அது உண்மைதானா, அல்லது எழுத்தாளர்களைப் பற்றி வழக்கமாகச் சேர்த்துச் சொல்லப்படும் அலங்காரமா? எழுத்து வருமானத்தை மட்டும் நம்பி வாழும் நிலைக்கு அவர் எத்தனை ஆண்டில் வந்தார்?

இன்னும் இரண்டு சங்கடங்கள் உண்டு. என் கதைகளை வாசித்த இலக்கிய நண்பர் ஒருவர், “உனக்கு எதற்குச் செவ்வாய்க் கிரகம்? உன் அம்மாவின் கதையை அப்படியே எழுது. வடசென்னைப் பெண் எழுதினால் அதற்குத்தான் மதிப்பு” என்றார். அவர் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை என்று தெரிந்தும் இரண்டு வாரம் பேனாவைத் தொட முடியவில்லை. அதே சமயத்தில் ஒரு பதிப்பகம், 22,000 ரூபாய் கட்டினால் என் கதைகளை 100 பிரதிகள் அச்சிட்டுத் தருவதாகச் சொல்லியிருக்கிறது. அம்மா சீட்டுப் பணத்தை எடுத்துத் தருகிறேன் என்கிறார். பட்லரை முழுமையாக வாசித்தவர்கள் யாராவது இருந்தால் உங்கள் கருத்தைச் சொல்லுங்கள்.


எழுதியவர்: பெரம்பூர் முன்னாள் நூலகர்

அன்பு மகளுக்கு,

உங்கள் பிரதியிலிருந்து எந்தப் பக்கங்கள் உதிர்ந்தன என்று எனக்குத் தெரியும். 1995ஆம் ஆண்டு முதற்பதிப்பில் ஐந்து கதைகளுக்குப் பின் இரண்டு கட்டுரைகள் இருந்தன. ஒன்று அவர் எழுத்தாளர் ஆன கதை. மற்றொன்று புதிதாக எழுத வருகிறவர்களுக்கான யோசனை. நீங்கள் கேட்டவற்றில் பாதிக்கும் மேல் அந்த இரண்டு கட்டுரைகளில் இருக்கிறது. உதிர்வதற்கு வேறு பக்கமே கிடைக்கவில்லை போலும்.

பணத்திலிருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் அதுதான் அவசரம். பட்லர் மாணவியாக இருந்தபோது இலக்கிய முகவர் என்று சொல்லிக்கொண்ட ஒருவர், கதையை வாசித்துப் பார்க்கக் கட்டணம் கேட்டார். தொகை 61 டாலர் சொச்சம். அது அவர்கள் கொடுத்த ஒரு மாத வீட்டு வாடகையைவிட அதிகம். மகளின் ஆசைக்காகத் தாயார் அதைக் கொடுத்தார். பணம் போயிற்று, வேறு ஒன்றும் நடக்கவில்லை. பல ஆண்டுகள் கழித்தும் பட்லர் அந்தத் தொகையை மறக்காமல் எழுதி வைத்திருக்கிறார் என்றால், அது எவ்வளவு உறுத்தியிருக்க வேண்டும் என்று எண்ணிப் பாருங்கள். உங்கள் அம்மாவின் சீட்டுப் பணத்தைத் தொடாதீர்கள். உங்கள் எழுத்தை நம்பும் பதிப்பாளர் அச்சுச் செலவைத் தானே ஏற்பார். அச்சுச் செலவை உங்களிடம் கேட்பவருக்கு அந்தப் புத்தகம் விற்க வேண்டும் என்ற கட்டாயமே கிடையாது, ஏனென்றால் அவருடைய வியாபாரம் உங்களோடு முடிந்துவிடுகிறது.

இனி அவருடைய வாழ்க்கைக்கு வருகிறேன். 1947 ஜூன் 22ஆம் நாள் கலிபோர்னியாவின் பாசடீனா நகரில் பிறந்தார். தந்தை காலணிகளுக்குப் பாலிஷ் போடும் தொழில் செய்தவர்; மகள் சிறுமியாக இருக்கும்போதே இறந்துவிட்டார். நான்கு ஆண் குழந்தைகளைப் பறிகொடுத்த பிறகு தாயாருக்குத் தங்கிய ஒரே பிள்ளை இவர்தான். தாயார் படிப்பைப் பாதியில் விட்டு வேலைக்கு அனுப்பப்பட்டவர். வெள்ளையர் வீடுகளில் வேலை செய்தார், அவர்கள் குப்பையில் போட்ட புத்தகங்களை மகளுக்குக் கொண்டுவந்தார். எழுத்துகள் இடம் மாறித் தெரியும் டிஸ்லெக்சியா குறைபாடு பட்லருக்கு இருந்தது, அதனால் வாசிப்பு மெதுவாகவே நடந்தது. உயரமான உடல், பேசக் கூச்சம், பள்ளியில் கேலி. இவற்றிலிருந்து ஒளிந்துகொள்ள அவருக்குக் கிடைத்த இடம் பொது நூலகம். பத்து வயதில் அம்மாவிடம் தட்டச்சுப் பொறி கேட்டார். அம்மாவும் ஒரு ரெமிங்டன் வாங்கிக் கொடுத்தார். வேலைக்குப் போகும் தாய் ஒருத்தி, பத்து வயதுப் பெண்ணுக்கு அதை வாங்கிக் கொடுத்ததைப் பார்த்து அக்கம்பக்கத்தார் என்ன சொல்லியிருப்பார்கள் என்று நாம் இங்கிருந்தே ஊகிக்கலாம்.

பன்னிரண்டு வயதில், செவ்வாயிலிருந்து ஒரு பெண் வந்திறங்கும் மட்டமான பழைய திரைப்படத்தைத் தொலைக்காட்சியில் பார்த்துவிட்டு, இதைவிட நல்ல கதையை என்னால் எழுத முடியும் என்று உட்கார்ந்ததுதான் அவருடைய தொடக்கம். பதின்மூன்று வயதில் அவருடைய சித்தி அன்பாகவே, கறுப்பினத்தவர் எழுத்தாளர் ஆக முடியாது என்று சொன்னார். அதுவரை தான் வாசித்த எதையும் ஒரு கறுப்பினத்தவர் எழுதியதாக அறிந்ததில்லை என்பதால், அந்தச் சொல்லுக்கு மறுமொழி சொல்லவும் சிறுமிக்கு வழியில்லை. உங்கள் நண்பரின் சொல்லும் இந்த வகையைச் சேர்ந்ததுதான். கெட்ட எண்ணமில்லாமல் சொல்லப்படும் தடைதான் அதிகம் வலிக்கும்.

கல்லூரியில் முதலாண்டு படிக்கும்போது சிறுகதைப் போட்டியில் கிடைத்த 15 டாலர்தான் எழுத்தால் வந்த முதல் வருமானம். 1970இல் பென்சில்வேனியாவில் கிளாரியன் என்ற ஊரில் நடந்த ஆறு வார அறிவியல் புனைவுப் பட்டறைக்குப் போனார். அதையொட்டி இரண்டு கதைகள் விற்றன. ஒன்று 1971இல் வெளிவந்தது, உங்கள் தொகுப்பில் ஐந்தாவதாக இருக்கும் ‘கிராஸ்ஓவர்’ அதுதான். தொழிற்சாலையில் வேலை செய்யும் ஒரு பெண்ணின் கதை. மற்றொன்றைத் தன்னுள் கொள்ள வேண்டிய தொகைநூல் அவர் உயிரோடு இருந்தவரை வெளிவரவே இல்லை. அதற்குப் பின் ஐந்து ஆண்டுகள் எதுவும் விற்கவில்லை.

அந்த ஆண்டுகளைத்தான் நீங்கள் கேட்கிறீர்கள். அது அலங்காரமன்று, உண்மை. பாத்திரம் கழுவினார், தொலைபேசியில் பொருள் விற்றார், கிடங்குகளிலும் தொழிற்சாலைகளிலும் வேலை செய்தார், உருளைக்கிழங்கு வறுவல்களைத் தரம் பார்க்கும் வேலையையும் செய்தார். நிரந்தரமான அலுவலக வேலையைத் தேடாமல், மூளையை வேலைக்குக் கொடுக்கத் தேவையில்லாத இடங்களையே அவர் விரும்பினார். விடியற்காலையில் எழுந்து எழுதிவிட்டு, பிறகு வேலைக்குப் போவார். 1974 டிசம்பரில் கையிலிருந்த வேலையும் போனது. அந்தச் சமயத்தில் நாவலில் இறங்கினார். 1976இல் ‘பேட்டர்ன்மாஸ்டர்’, 1977இல் ‘மைண்ட் ஆஃப் மை மைண்ட்’, 1978இல் ‘சர்வைவர்’ என்று ஆண்டுக்கு ஒன்றாக வெளிவந்தன. 1978 வாக்கில் கூலி வேலைகளை விட முடிந்தது. முதல் கதை விற்றதிலிருந்து கணக்குப் பார்த்தால் எட்டு ஆண்டுகள்.

இரண்டாவது கட்டுரையின் சாரம் மிக எளிது. உள்ளெழுச்சி வரும் என்று காத்திருக்காதே, பழக்கத்தை நம்பு என்கிறார். சலானின் பின்பக்கத்தில் நான்கு ஆண்டுகளாக எழுதும் உங்களுக்கு அதைத் தனியாகச் சொல்லித் தர வேண்டியதில்லை.


எழுதியவர்: தண்டையார்பேட்டை ஆங்கில ஆசிரியை

ஐயா சொன்ன தகவல்களில் எனக்கு மாறுபாடு இல்லை. ஆனால் அவற்றை அடுக்கியிருக்கும் விதத்தில் எனக்கு ஒரு தயக்கம் உண்டு. பட்லரைப் பற்றி நம் ஊரில் யார் பேசினாலும் அந்த 2 மணியில்தான் வந்து நிற்கிறார்கள். வறுமையில் வாடினார், விடியலில் எழுந்தார், வென்றார் என்று சொன்னால் கேட்க இனிமையாக இருக்கிறது. கேட்பவருக்கு எந்தப் பொறுப்பும் வராது. விடியலில் எழுந்து எழுதி ஒன்றுமே ஆகாமல் போனவர்களின் பெயர் நமக்குத் தெரியாது.

அவருக்குத் திறந்த கதவுகளையும் எண்ண வேண்டும். அவர் படித்த பாசடீனா நகரக் கல்லூரி எளியவர் வீட்டுப் பிள்ளைகளும் சேரக்கூடிய பொதுக் கல்லூரி. திரைக்கதை எழுத்தாளர்களின் சங்கம் சிறுபான்மையினருக்கென்று நடத்திய பயிற்சி வகுப்பில்தான் அறிவியல் புனைவு எழுத்தாளர் ஹார்லன் எலிசன் அவரைக் கண்டுகொண்டு, கிளாரியன் பட்டறைக்குப் போகச் சொன்னார். அங்கே ஆறு வாரம் தன்னைப் போலவே அறிவியல் புனைவு எழுதுகிறவர்களோடு இருந்தார். இவை இல்லாமல் அந்த விடியற்காலைகள் மட்டும் போதுமானவையாக இருந்திருக்குமா என்பதில் எனக்கு ஐயம் இருக்கிறது. கொளத்தூரில் திறந்திருக்கும் முதல்வர் படைப்பகத்தில் மேசையும் மின்விசிறியும் அமைதியும் கிடைக்கின்றன. ஆனால் நம் பக்கத்தில் யாராவது ஆறு நாளாவது புனைவுப் பட்டறை நடத்தினால் நன்றாக இருக்கும். அப்படி ஒன்று நடந்தால் தங்கையைப் போன்றவர்களுக்கு முதல் நாற்காலி கொடுக்க வேண்டும்.

அவசரத்தின் விலையையும் சொல்ல வேண்டும். ஐயா மூன்றாவதாகக் குறிப்பிட்ட ‘சர்வைவர்’ நாவலைப் பட்லர் தானே பிற்பாடு வெறுத்தார். அடுத்த நாவலின் ஆய்வுக்காக மேரிலாந்து போகப் பணம் தேவைப்பட்டதால், அது பக்குவப்படும் முன்பே விற்றுவிட்டார். தன் வாழ்நாளில் அதை மறுபதிப்புச் செய்யவே விடவில்லை. இன்று அந்தப் பழைய பிரதிகளுக்குச் சேகரிப்பவர்கள் பெருந்தொகை கொடுக்கிறார்கள் என்பது வேறு கதை. ஒன்பது கதைகளை உடனே நூலாக்க வேண்டும் என்ற நினைப்பு வரும்போது தங்கை இதை நினைத்துக்கொள்ளலாம்.

1978க்குப் பிறகு அவர் வசதியாக வாழ்ந்தார் என்று யாரும் எண்ண வேண்டாம். 1984இல் ‘ஸ்பீச் சவுண்ட்ஸ்’ கதைக்கு ஹியூகோ விருது, அடுத்து ‘பிளட்சைல்ட்’ கதைக்கு ஹியூகோ, நெபுலா இரண்டும் என்று அந்தத் துறையின் மிகப் பெரிய விருதுகள் எல்லாம் வந்தபோதும் அவர் சிக்கனமாகத்தான் வாழ்ந்தார். 1995இல் மெக்ஆர்தர் நிதியம் 295,000 டாலர் வழங்கியது. அறிவியல் புனைவு எழுத்தாளர் ஒருவருக்கு அந்த நல்கை கிடைத்தது அதுவே முதன்முறை. அப்போது அவருக்கு வயது 48. அடுத்த ஆண்டே தாயார் இறந்துவிட்டார். 1999இல் சியாட்டில் பக்கம் குடிபெயர்ந்தார். உயர் இரத்த அழுத்தமும் அதற்கான மருந்துகளும் எழுத்தை மந்தமாக்கின. 1998இல் வந்த நாவலுக்கும் 2005இல் வந்த ‘ஃபிளெட்ஜ்லிங்’ நாவலுக்கும் இடையே ஏழு ஆண்டுகள் ஓடின. 2006 பிப்ரவரி 24ஆம் நாள் வீட்டுக்கு வெளியே விழுந்து இறந்தபோது வயது 58தான். இரவு ஷிஃப்ட் முடித்துவிட்டு வந்து, தூங்காமல் எழுத வேண்டும் என்று தங்கை சபதம் எடுக்க வேண்டாம். உடம்பு கணக்கு வைத்துக்கொள்ளும்.


எழுதியவர்: பெரம்பூர் முன்னாள் நூலகர்

டீச்சர் சொன்னதில் பட்டறை பற்றியது முழு உண்மை, ஏற்றுக்கொள்கிறேன். எலிசனின் பெயரை நான் விட்டிருக்கக் கூடாது. ஆனால் ஒன்றைச் சேர்க்க விரும்புகிறேன். கதவு திறக்கும்போது கையில் கதை இருந்தாக வேண்டும். அந்த ஐந்து வெறும் ஆண்டுகளில் எந்தக் கதவும் திறக்கவில்லை, ஆனாலும் அவர் எழுதுவதை நிறுத்தவில்லை. இதில் நாம் இருவரும் ஒத்துப்போக மாட்டோம் என்று நினைக்கிறேன். தூக்கம் பற்றிய எச்சரிக்கையை மட்டும் மகள் கட்டாயம் கேட்டுக்கொள்ள வேண்டும்.


எழுதியவர்: கொருக்குப்பேட்டை வாசகி

ஐயாவுக்கும் அக்காவுக்கும் நன்றி. பதிப்பகத்துக்கு இப்போதைக்கு வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். அவர்கள் உடனே 18,000 ரூபாய்க்கு இறங்கினார்கள். அதிலேயே எனக்குப் புரிந்துவிட்டது.

நேற்று இரவு இதையெல்லாம் அம்மாவிடம் சொன்னேன். அவர் முழுவதும் கேட்டுவிட்டு, “அந்தம்மா தன் அம்மாவைப் பற்றி ஏதாவது எழுதினாரா?” என்று மட்டும் கேட்டார். எனக்குப் பதில் தெரியவில்லை. அம்மா வேலை செய்யும் குடியிருப்பில் இரண்டு லிஃப்ட் இருக்கின்றன. ஒன்று குடியிருப்பவர்களுக்கு, மற்றொன்று சரக்குக்கும் வேலைக்காரர்களுக்கும். இரண்டாவது பழுதானால் எட்டு மாடி ஏற வேண்டியதுதான். சிறு வயதில் விடுமுறை நாள்களில் அம்மாவோடு போகும்போது, அந்த லிஃப்டில் நிற்க எனக்கு அம்மாமேல்தான் கோபம் வரும். ஏன் என்று இன்றுவரை எனக்கு விளங்கவில்லை. இதை ஏன் இங்கே எழுதுகிறேன் என்றும் தெரியவில்லை.


எழுதியவர்: வியாசர்பாடி பழைய புத்தகப் பித்தன்

தோழர், உங்கள் அம்மா கேட்டதற்கு விடை ஆம் என்பதுதான். ஆனால் அவர் தன் தாயைப் பற்றி எழுதிய விதம், உங்கள் நண்பர் சொல்லும் ‘அப்படியே எழுது’ என்ற விதமன்று.

பட்லரும் சிறுமியாக இருந்தபோது சில நாள்களில் தாயோடு வேலை செய்யும் வீடுகளுக்குப் போனவர். தாயார் பின்வாசல் வழியாக நுழைவதையும், அவர் அங்கே நிற்கும்போதே இல்லாதவரைப் போல வைத்துக்கொண்டு வீட்டார் பேசுவதையும், தாயார் கேட்டும் கேளாதவராக வேலையைத் தொடர்வதையும் பார்த்தார். உங்களுக்கு லிஃப்டில் வந்த அதே கோபம் அவருக்கும் வந்தது, அதுவும் தாய்மேல்தான் வந்தது. இதை அவரே பேட்டிகளில் வெளிப்படையாகச் சொல்லியிருக்கிறார். பிறகு கல்லூரியில், கறுப்பின வரலாற்றை நன்றாகப் படித்த ஓர் இளைஞன், இத்தனை காலம் அடங்கிக் கிடந்த மூத்த தலைமுறையைத் தன் கையாலேயே கொல்ல வேண்டும்போல இருக்கிறது, ஆனால் என் பெற்றோரிலிருந்தல்லவா தொடங்க வேண்டும் என்கிற மாதிரி பேசினான். அவனுக்குத் தகவல்கள் எல்லாம் தெரிந்திருந்தன, ஆனால் அந்த மனிதர்கள் உள்ளுக்குள் என்ன விழுங்கிக்கொண்டு பிள்ளைகளை வளர்த்தார்கள் என்பது மட்டும் தெரியவில்லை. அவன் வாயில் தன் பழைய கோபத்தைக் கேட்டபோதுதான் பட்லருக்கு 1979இல் வந்த ‘கிண்ட்ரெட்’ நாவலின் கரு உருவானது.

கதை இதுதான். 1976ஆம் ஆண்டு, லாஸ் ஏஞ்சலிஸ். டேனா என்ற கறுப்பினப் பெண், எழுத்தாளர். தற்காலிக வேலைகள் பார்த்துப் பிழைத்தவள். தன் 26ஆவது பிறந்தநாளில் தலைசுற்றி விழுந்து, கண் திறக்கும்போது 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்து மேரிலாந்தில் இருக்கிறாள். அங்கே ஆற்றில் மூழ்கும் ஒரு வெள்ளைச் சிறுவனைக் காப்பாற்றுகிறாள். அவன் அடிமைகளை வைத்திருக்கும் பண்ணைக்காரனின் மகன். அவன் பிழைத்து வளர்ந்தால்தான் டேனாவின் கொள்ளுப்பாட்டி வழி வம்சமே பிறக்கும். ஆகவே அவனுக்கு உயிராபத்து வரும் ஒவ்வொரு முறையும் இவள் அந்தக் காலத்துக்கு இழுக்கப்படுகிறாள். அவன் வளர வளரக் கொடியவனாகிறான். ஆனாலும் இவள் அவனைக் காக்க வேண்டியிருக்கிறது. நவீனப் படிப்பும் தன்மானமும் உள்ள ஒருத்தி, உயிரோடு இருப்பதற்காக எவ்வளவு தூரம் குனிகிறாள் என்பதை அவளே பார்த்துத் திகைக்கிறாள். அந்தக் கல்லூரி இளைஞனுக்கும் சிறுமி ஆக்டேவியாவுக்கும் சேர்த்துச் சொன்ன பதில் அது. நாவலில் கால எந்திரம் எதுவும் கிடையாது, எப்படிப் போகிறாள் என்ற விளக்கமும் கிடையாது. அதனால் இதை அறிவியல் புனைவு என்று சொல்ல ஆசிரியரே சம்மதிக்கவில்லை. கொடூரமான மாயக்கதை என்றுதான் வகைப்படுத்தினார். முதலில் கதாநாயகனாக ஓர் ஆணைத்தான் வைத்துப் பார்த்தார். அந்தக் காலத்தில் நிமிர்ந்து பேசும் ஒரு கறுப்பின ஆணை ஆபத்தானவன் என்று உடனே கொன்றிருப்பார்கள், கதை அத்தோடு முடிந்திருக்கும் என்பதால் பெண்ணாக மாற்றினார்.

டீச்சர் குறிப்பிட்ட மேரிலாந்துப் பயணம் இந்த நாவலுக்காகத்தான். பேருந்தில் நாட்டையே குறுக்காகக் கடந்து போனார். ஜார்ஜ் வாஷிங்டனின் மவுண்ட் வெர்னன் மாளிகையைச் சுற்றிப் பார்த்தபோது, வழிகாட்டிகள் அடிமைகள் என்ற சொல்லையே தவிர்த்து, வேலைக்காரர்கள் என்றே சொல்லிக்கொண்டு போனதைக் கவனித்தார். உங்கள் அம்மாவின் லிஃப்டில் எழுதியிருப்பதும் அதே சொல்லாகத்தான் இருக்கும்.

பதிப்பாளர்கள் பலர் அந்த நாவலைத் திருப்பி அனுப்பினார்கள். நன்றாக இருக்கிறது, ஆனால் எந்த அலமாரியில் வைத்து விற்பது என்று தெரியவில்லை என்பது அவர்களுடைய சிக்கல். 1988இல் பீக்கன் பிரஸ் மறுபதிப்புச் செய்த பிறகு அது கல்லூரிகளில் பாடநூலாகப் பரவியது. இன்று அவருடைய நூல்களில் மிக அதிகமாக விற்பது அதுதான்.

உங்கள் நண்பரின் கேள்வியைப் பட்லர் வாழ்நாள் முழுவதும் கேட்டவர். அறிவியல் புனைவால் கறுப்பின மக்களுக்கு என்ன பயன் என்று அவரிடம் கேட்டுக்கொண்டே இருந்தார்கள். உதிர்ந்துபோன அந்த முதல் கட்டுரை முடிவதும் அந்தக் கேள்வியில்தான். கடந்ததையும் நடப்பதையும் வரப்போவதையும் வேறு விதமாக எண்ணிப் பார்க்கவும், எச்சரிக்கவும், எல்லோரும் நடக்கும் ஒற்றையடிப் பாதையை விட்டு விலகவும் பழக்கும் இலக்கியம், யாருக்குப் பயன்படுமோ இல்லையோ அவர்களுக்கு ஏன் பயன்படாது என்று திருப்பிக் கேட்கிறார். இன்னொரு பக்கம், அவர் எதை எழுதினாலும் அது அடிமைமுறை பற்றியதுதான் என்று வாசிக்கும் கூட்டமும் இருந்தது. நீங்கள் வாசித்த ‘பிளட்சைல்ட்’ கதையின் பின்குறிப்பில், இது அடிமைகளின் கதையன்று, ஒரு காதல் கதை, வயதுக்கு வரும் ஒரு பையனின் கதை, கர்ப்பமாகும் ஆணின் கதை என்று அழுத்தம் திருத்தமாகச் சொல்லியிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். பெரு நாட்டுக் காட்டுக்குப் போகும் முன், மனிதத் தோலுக்குள் புழு வளர்க்கும் ஓர் ஈயைப் பற்றி அவருக்கு ஏற்பட்ட பயம்தான் அந்தக் கதை. வடசென்னைக்காரர்களுக்கும் ஈயைக் கண்டு பயப்பட உரிமை உண்டு. எப்போதும் சாட்சிக் கூண்டில் நின்றுகொண்டே இருக்க வேண்டியதில்லை. எனக்கு இதில் கொஞ்சம் சொந்தக் கோபமும் இருக்கிறது. நானும் ஒரு காலத்தில் மாயாஜாலக் கதைகள் எழுதி, ‘உங்கள் ஏரியா பாஷையில் ஏதாவது கொடுங்கள்’ என்ற பதிலைப் பெற்றவன்.

எண்ணூர்ச் சேற்றிலிருந்து எழும் உயிரின் கதையை எழுதுகிறவர் அடுத்து வாசிக்க வேண்டியது 1993இல் வந்த ‘பேரபிள் ஆஃப் த சோவர்’. நாட்குறிப்பு வடிவத்தில், 2024 ஜூலையில் தொடங்குகிறது. பருவம் தவறி மழையே அரிதாகிவிட்ட கலிபோர்னியாவில், பெட்ரோலைவிடத் தண்ணீர் பல மடங்கு விலை. மதில் கட்டிய தெருக்களுக்குள் மக்கள் ஒடுங்கி வாழ்கிறார்கள். கடலோர ஊர் ஒன்றை ஒரு கம்பெனி வாங்கிவிடுகிறது. பாதுகாப்பும் வேலையும் தருகிறது, கூலி மட்டும் செலவுக்குப் போதாது, ஆகவே கடன் ஏறி மனிதர்கள் வெளியேற முடியாமல் போகிறது. பிறர் வலியைத் தன் உடம்பில் உணரும் பதினைந்து வயதுப் பெண் லாரன்தான் நாட்குறிப்பை எழுதுகிறவள். 2019 கோடையில் தண்ணீர் லாரிக்குக் குடங்களோடு நின்றவர்களும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் வெள்ளத்தோடு கழிமுகத்தில் எண்ணெய் படிந்தபோது படகையும் வலையையும் துடைத்துக்கொண்டிருந்தவர்களும் அதை வாசித்தால், அமெரிக்கக் கதை என்றே தோன்றாது. இவரை ஜோசியக்காரர் ஆக்குவதில் எனக்கு விருப்பமில்லை; செய்தித்தாளை ஒழுங்காகப் படித்துவிட்டு, இது இப்படியே போனால் என்ன ஆகும் என்று கணக்குப் போட்டவர், அவ்வளவுதான். இந்த நாவல் நியூயார்க் டைம்ஸ் விற்பனைப் பட்டியலில் ஏறியது 2020இல். அவர் இறந்து பதினான்கு ஆண்டுகளுக்குப் பிறகு.

நான் பெரிய எழுத்தாளர் ஆவேன், என் நூல்கள் விற்பனைப் பட்டியலில் ஏறும், ஏழைக் கறுப்பினப் பிள்ளைகளைக் கிளாரியன் பட்டறைக்கு அனுப்புவேன் என்று 1988இல் தன் குறிப்பேட்டு அட்டையில் தனக்குத் தானே எழுதிவைத்திருந்தார். அந்தக் குறிப்பேடு உட்பட நூற்றுக்கணக்கான பெட்டிகளில் அவருடைய காகிதங்கள் பாசடீனாவை ஒட்டிய ஹன்டிங்டன் நூலகத்தில் இருக்கின்றன. டீச்சர் சொன்ன பட்டறைக்கு இப்போது அவர் பெயரிலேயே உதவித்தொகை கொடுக்கிறார்கள். உங்கள் நண்பரிடம் இன்னொன்றும் சொல்லுங்கள். 2021 பிப்ரவரியில் நாசாவின் பெர்செவரன்ஸ் ஊர்தி செவ்வாயில் இறங்கிய இடத்துக்கு ஆக்டேவியா பட்லர் இறங்குதளம் என்றுதான் பெயர் வைத்திருக்கிறார்கள்.

முதலில் ‘கிண்ட்ரெட்’, பிறகு ‘பேரபிள்’. வேற்றுக்கிரகத்தார் வரும் ‘டான்’ வரிசையின் மூன்று நாவல்களைக் கடைசிக்கு வைத்துக்கொள்ளுங்கள். ஆங்கிலம் கடினமில்லை, ஆனால் வயிற்றைப் பிசையும்.


எழுதியவர்: கொருக்குப்பேட்டை வாசகி

தோழர் எழுதியதை அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். கேளாதவராக வேலையைத் தொடர்ந்தார் என்ற இடத்தில் நிறுத்தச் சொன்னார். கொஞ்ச நேரம் கழித்து, “கேட்காமல் இருக்குமா? எல்லாம் கேட்கும்” என்றார். பிறகு மேற்கொண்டு வாசிக்கச் சொன்னார்.

குப்பை மேட்டுச் சுரங்கக் கதையில் கீழே இறங்க ஒரு லிஃப்ட் தேவைப்பட்டது. நான் ஒன்றுதான் வைத்திருந்தேன். இப்போது இரண்டு வைத்துத் திருத்திக்கொண்டிருக்கிறேன். ஐயா, அந்த இரண்டு கட்டுரைகளும் உங்களிடம் நூலாக இருந்தால் வந்து வாசித்துவிட்டுத் திரும்பக் கொடுத்துவிடுகிறேன். அடுத்த வாரம் எனக்கு இரவு ஷிஃப்ட்.


எழுதியவர்: பெரம்பூர் முன்னாள் நூலகர்

நூல் இருக்கிறது, பக்கங்கள் அனைத்தும் இருக்கின்றன. ஞாயிறு மாலை 4 மணிக்குப் பெரம்பூர் ரயில் நிலையத்தின் வாசலில் இருப்பேன். அதற்கு முன் நன்றாகத் தூங்கிவிட்டு வாருங்கள். ஒரு மாதம் வைத்துக்கொள்ளலாம். பழைய தொழில் புத்தி, அதற்கு மேல் போனால் நினைவூட்டுவேன்.